அருமனை மேடையும் மண்டைக்காட்டுக் காயமும்: வெறுப்புப் பேச்சுக்கு எல்லை போடுவது யார்?

2021 ஜூலை 18, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா இரண்டாம் அலை அப்போதுதான் தணிந்துகொண்டிருந்தது. மேற்குக் குமரியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அருமனையில் ஒரு கூட்டம். பழங்குடி மக்களுக்காக உழைத்து, உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் கைதாகி, ஜாமீன் கிடைக்காமலே 13 நாட்களுக்கு முன் மும்பை மருத்துவமனையில் இறந்துபோன 84 வயதுப் பாதிரியார் ஸ்டான் சுவாமிக்கு அங்கே அஞ்சலி செலுத்தினார்கள். மைக்கைப் பிடித்தார் கத்தோலிக்கப் பாதிரியார் ஜார்ஜ் பொன்னையா.

அஞ்சலியில் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ திரும்பியது. பிரதமரையும் உள்துறை அமைச்சரையும் சபித்தார். தி.மு.க.வின் வெற்றி சிறுபான்மையினர் போட்ட பிச்சை என்றார். மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் 62 சதவீதத்தைத் தாண்டிவிட்டதாகவும், இனி யாராலும் தடுக்க முடியாது என்றும் சவால் விட்டார். காலில் செருப்பே போடாத அன்றைய நாகர்கோவில் எம்.எல்.ஏ. எம்.ஆர்.காந்தியைக் கேலி செய்தார். பூமித் தாயை மிதிக்கக் கூடாது என்று அவர் வெறுங்காலோடு நடக்கிறார், நாங்களோ பாரத மாதாவின் அசுத்தம் ஒட்டிவிடக் கூடாது, சிரங்கு வந்துவிடக் கூடாது என்று ஷூ போடுகிறோம் என்ற பொருளில் பேசினார். பின்னர் வந்த வழக்குக்கு உயிர் கொடுத்தது இந்தக் கடைசிப் பகுதிதான்.

வீடியோ வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் பரவியது. பல அமைப்புகள் புகார் கொடுத்தன. பேச்சை எடிட் செய்து பரப்புகிறார்கள், யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்று பாதிரியார் இன்னொரு வீடியோ வெளியிட்டார். ஜூலை 24-ஆம் தேதி மதுரை அருகே கள்ளிக்குடியில் போலீஸார் அவரைக் கைது செய்தார்கள்.

பேச்சுரிமை பற்றிப் பேசும்போது டெல்லியையும் அமெரிக்காவையும் உதாரணம் காட்டுவது வழக்கம். ஆனால், இந்த விவாதத்தின் இரண்டு பக்கமும் குமரி மாவட்டத்திலேயே இருக்கிறது. ஒரு சொல் எப்படிச் சாவில் முடியும் என்பதை இந்த மண் பார்த்திருக்கிறது. புண்படுத்தும் ஒரு சொல் எப்படி ஒரு சமூகத்தையே நிமிர வைக்கும் என்பதையும் இதே மண் பார்த்திருக்கிறது.

பெட்டிச் செய்தி: மாவட்டம் - ஒரு பார்வை

1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது கன்னியாகுமரி மாவட்டம். 2011 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை 18,70,374. இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், முஸ்லிம்கள் 4.2 சதவீதம். எழுத்தறிவு 91.75 சதவீதம். அருமனை மேடையில் சொல்லப்பட்ட 62 சதவீதம் கணக்கெடுப்பில் இல்லாத எண். யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத மாவட்டம் இது. அதனாலேயே இங்கே எண்ணிக்கை என்ற பேச்சை எடுத்தாலே இரு தரப்பும் உஷ்ணமாகிவிடும்.

ஆறு உயிர்கள்

குளச்சலுக்குப் பக்கத்தில் இருக்கிறது மண்டைக்காடு. பகவதி அம்மன் கோயிலின் மாசிக் கொடை பத்து நாள். இருமுடி கட்டிக்கொண்டு கேரளப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவதால் 'பெண்களின் சபரிமலை' என்று பெயர். புற்றே மூலவர். தரிசனத்துக்கு முன் கடலில் குளித்து வருவது முறை. கோயிலிலிருந்து கடலுக்கு நடக்கும் தூரம்தான். அந்தக் கடற்கரையில் குடியிருப்பவர்கள் கத்தோலிக்க மீனவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கொடைக்கு வரும் கூட்டமும் கடப்புறத்து மக்களும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகியவர்கள்தான்.

1982 தொடக்கத்தில் நிலைமை மாறியிருந்தது. பிப்ரவரியில் நாகர்கோவிலில் இந்து எழுச்சி மாநாடு நடந்தது. மதமாற்றம், ஜனத்தொகை, யார் மாவட்டம் இது என்று மேடைகளில் சொற்கள் சூடேறிக்கொண்டே போயின. ஒவ்வொரு மேடைக்கும் எதிர்மேடை முளைத்தது. மார்ச் 1-ஆம் தேதி, கொடைக் கூட்டத்தில் மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள். அதோடு முடியவில்லை. வாரக்கணக்கில் கடற்கரை ஊர்களும் உள்நாட்டு ஊர்களும் மாறி மாறி எரிந்தன.

நீதிபதி பி.வேணுகோபால் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை ஆர்.எஸ்.எஸ். அமைப்பின் செயல்முறையைக் கடுமையாக விமர்சித்தது. சிறுபான்மையினருக்குப் பாடம் புகட்டும் வேலையை அது தானாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றது. அதே அறிக்கை, கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இன்றுவரை இரு தரப்பினரும் தங்களுக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கலவரத்தின்போது ஊர் ஊராகப் போனவர் குன்றக்குடி அடிகளார். ஒரு சைவ மடத்தின் தலைவர், காவி உடையோடு, கத்தோலிக்க மீனவர் குடியிருப்புகளுக்கு நடந்துபோய் உட்கார்ந்து பேசினார். இரு தரப்பையும் ஒரே இடத்தில் அமர வைக்க அவர் பட்ட பாட்டை அந்தத் தலைமுறையினர் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். குமரியில் பொறுப்பான அதிகாரிகள் இன்றும் ஒரு சின்னத் தகராறு என்றாலும் முதலில் அமைதிக் குழுவைக் கூட்டுவதற்குக் காரணம் 1982.

ஆகவே, வெறும் பேச்சுதானே, பேசிவிட்டுப் போகட்டும் என்று குமரி மாவட்டத்தில் யாரும் சொல்ல முடியாது. அருமனைப் பேச்சைப் பற்றி உயர் நீதிமன்றம் எழுதியபோது மண்டைக்காட்டையும் வேணுகோபால் ஆணையத்தையும் நினைவுபடுத்தியதில் நியாயம் இருக்கிறது.

வைகுண்டரும் ஜீவாவும் குற்றவாளிகளா?

இதே மாவட்டத்தின் இன்னொரு வரலாறு வேறு பாடம் சொல்கிறது.

சாமித்தோப்பில் தோன்றிய அய்யா வைகுண்டர் திருவிதாங்கூர் மன்னரை 'நீசன்' என்று அழைத்தார். தலைப்பாகை கட்டக்கூடாது என்றிருந்தவர்களைத் தலைப்பாகையோடு கும்பிடச் சொன்னார். ஆதிக்க சாதியினரின் மனம் புண்பட்டது. சுவாதித் திருநாள் ஆட்சியில், 1830-களின் இறுதியில், அவர் திருவனந்தபுரத்தில் சிறை வைக்கப்பட்டார். தோளில் துணி போட உரிமை கேட்டுப் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் 1859 வரை நீண்டது. அதுவும் அன்றைய கணக்கில் பிறர் மனத்தைப் புண்படுத்திய செயல்தான்.

தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தன் சொந்த சமூகத்தையே பாட்டால் அடித்தார். நாஞ்சில் நாட்டு வேளாளரின் மருமக்கள் வழிச் சொத்துமுறையை நையாண்டி செய்யும் 'மருமக்கள்வழி மான்மியம்' வெளிவந்தபோது குடும்பத் தலைவர்களான காரணவர்கள் பலருக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த முறை 1926-ல் சட்டத்தால் முடிவுக்கு வந்ததில் அந்த நையாண்டிக்கும் பங்கு உண்டு.

பூதப்பாண்டியில் பிறந்த ஜீவானந்தம், பகத்சிங்கின் 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரையைத் தமிழாக்கினார். 1930-களின் நடுவில் அதற்காக ராஜதுரோக வழக்கு பாய்ந்தது. ஜீவா சிறைக்குப் போனார். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சாமியாடிகளையும் சடங்குகளையும் திரையில் கேலி செய்தார். அந்தப் பக்திமான்களே கொட்டகையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

மனம் புண்பட்டதா என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால் இவர்கள் எல்லோருமே குற்றவாளிகள். அந்த அளவுகோலை வைத்துச் சட்டத்தை நடத்தினால் முதலில் அடிபடுவது கலவரக்காரர்கள் அல்ல, சீர்திருத்தக்காரர்கள். பிறரைப் புண்படுத்துவது வேறு, பிறர் மீது கும்பலை ஏவுவது வேறு. சட்டம் இந்த இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவைத்திருக்கிறது என்பதுதான் நம் குறை.

பெட்டிச் செய்தி: சட்டம் வந்த வழி

153ஏ: வெவ்வேறு பிரிவினரிடையே பகையை வளர்ப்பது. 1898-ல் வெள்ளையர் ஆட்சியில் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. மூன்று ஆண்டு வரை சிறை. வழிபாட்டுத் தலத்தில் நடந்தால் ஐந்து ஆண்டு வரை.

295ஏ: வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்துவது. 'ரங்கீலா ரசூல்' என்ற நூலைப் பதிப்பித்தவரை லாகூர் உயர் நீதிமன்றம் விடுவித்ததும் எழுந்த கொந்தளிப்பையடுத்து 1927-ல் வந்தது. அந்தப் பதிப்பாளர் 1929-ல் கொல்லப்பட்டார். 295ஏ செல்லும் என்று 1957-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2024 ஜூலை 1 முதல்: பாரதிய நியாய சன்ஹிதாவில் 153ஏ, 196 ஆகவும், 295ஏ, 299 ஆகவும், பகையைத் தூண்டும் கூற்றுகளுக்கான 505, 353 ஆகவும் மாறியிருக்கின்றன. மின்னணுத் தகவல் தொடர்பும் 196-ல் வெளிப்படையாகச் சேர்ந்திருக்கிறது. 'வெறுப்புப் பேச்சு' என்றால் என்ன என்ற விளக்கம் புதிய சட்டத்திலும் இல்லை. தனிப் பிரிவுகள் வேண்டும் என்று 2017-ல் சட்ட ஆணையம் தன் 267-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்திருந்தது.

அரசமைப்பு: 19(1)(அ) பேச்சுரிமை தருகிறது. 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகைக்கு மதராஸ் அரசு விதித்த தடையை 1950-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்கு அடுத்த ஆண்டு, முதல் திருத்தத்தின் மூலம், 'பொது ஒழுங்கு' என்ற காரணம் 19(2)-ல் ஏறியது.

ஒரே நீதிபதி, இரண்டு தீர்ப்பு

ஜார்ஜ் பொன்னையா தன் மீதான எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 2022 ஜனவரி 7-ல் தீர்ப்பளித்தார். சட்டவிரோதக் கூட்டம், நோய் பரப்புதல், மிரட்டல், தொற்றுநோய்ச் சட்டம் ஆகிய பிரிவுகளை நீக்கினார். 153ஏ, 295ஏ, 505(2) மூன்றும் நிலைத்தன.

அதற்குச் சில வாரங்களுக்கு முன், 2021 டிசம்பரில், அதே நீதிபதி வேறொரு எஃப்.ஐ.ஆரை முழுதாகத் தூக்கி எறிந்திருந்தார். குடும்பத்தோடு சிறுமலைக்குப் போன ஓர் இடதுசாரிக் கட்சிக்காரர், துப்பாக்கிச் சுடும் பயிற்சிக்குப் போவதாக வேடிக்கையாக எழுதிப் படங்களை ஃபேஸ்புக்கில் போட்டார். வாடிப்பட்டி போலீஸ் அதற்கு வழக்குப் போட்டது. சிரிப்பு ஓர் உரிமை மட்டுமா, கடமையாகவே ஆக வேண்டாமா என்ற தொனியில் எழுதிய அந்தத் தீர்ப்பை நாடே ரசித்துப் படித்தது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? பொன்னையா வழக்கில் நீதிபதி வைத்த வாதத்தின் மையம், பேசுபவர் யார் என்பது. ஒரு பகுத்தறிவாளரோ கல்வியாளரோ கலைஞரோ மதத்தைக் கடுமையாக விமர்சித்தால் பேச்சுரிமை அவருக்குக் கேடயமாக நிற்கும். அம்பேத்கர், தபோல்கர், கல்புர்கி என்று உதாரணம் சொன்னார். மேடை நகைச்சுவைக் கலைஞர்கள் முனவர் ஃபரூக்கி, அலெக்ஸாண்டர் பாபு ஆகியோரின் மதம் எதுவென்பது பொருட்டல்ல என்றார். ஆனால், தன் மதத்துக்கு ஆள் சேர்க்கும் ஒரு போதகர் பிற மதத்தை இழிவுசெய்துவிட்டு அதே கேடயத்தைக் கேட்க முடியாது என்றார்.

இங்கே நாம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பங்கு மக்கள் மத்தியில் பாதிரியார் சொல்வதற்கும், ஓர் எழுத்தாளர் புத்தகத்தில் எழுதுவதற்கும் எடை வேறுதான். கேட்பவர்கள் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் இடத்திலிருந்து வரும் சொல் அபாயமானது. இது அங்கிக்கும் பொருந்தும், காவிக்கும் பொருந்தும், கட்சித் துண்டுக்கும் பொருந்தும். அதுவரை சரி. ஆனால், பேசுபவரின் தொழிலை வைத்து உரிமையைக் கூட்டிக் குறைப்பது ஆபத்தான வழி. நாளை ஒரு தலித் போதகர் சாதியை நியாயப்படுத்தும் மத நூலை மேடையில் விமர்சித்தால் அவருக்கு அம்பேத்கரின் உரிமை உண்டா, இல்லையா? என்ன சொன்னார், எந்தச் சூழலில் சொன்னார், யாருக்கு எதிராக யாரைத் தூண்டினார் என்பதுதான் கேள்வியாக இருக்க வேண்டும்.

அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தாலும் அருமனைப் பேச்சு தேறாது. பாரத மாதாவைப் பற்றிய கேலி அருவருப்பானது. ஆனால் என் பார்வையில் அதைவிடப் பெரிய குற்றம், இல்லாத ஒரு சதவீதத்தைச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு விட்ட சவால். எண்ணிக்கையைக் காட்டி அச்சுறுத்துவதுதான் இந்த மாவட்டத்தில் ரத்தம் பார்த்த பேச்சு. ஸ்டான் சுவாமியின் பெயரால் கூடிய கூட்டத்தில் அது பேசப்பட்டது கூடுதல் வேதனை.

பெட்டிச் செய்தி: தமிழகம் தந்த வழக்குகள்

1953 மே 27-ல் திருச்சியில் பெரியார் பிள்ளையார் சிலையை உடைத்தார். 295, 295ஏ பிரிவுகளில் புகார். கீழமை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தள்ளுபடி செய்தன. 1958-ல் உச்ச நீதிமன்றம், மக்கள் புனிதமாகக் கருதும் பொருளை நீதிமன்றங்கள் அலட்சியமாகப் பார்க்கக் கூடாது என்று கண்டித்தது. ஆனாலும் ஆண்டுகள் ஓடிவிட்டதால் வழக்கை மீண்டும் கிளற மறுத்தது.

இட ஒதுக்கீட்டைப் பற்றிய 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பத் தந்தது. வெடிமருந்துக்குள் விழும் பொறியைப்போல, பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இருந்தால்தான் தடை என்ற அளவுகோல் அந்தத் தீர்ப்பில்தான் பிறந்தது. கலவரம் வரும் என்ற மிரட்டலுக்குப் பயந்து அரசு உரிமையைப் பறிக்கக் கூடாது என்றும் அது சொன்னது.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வழக்கில் 2016 ஜூலை 5-ல் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது.

வழக்கே தண்டனை

இனி விளைவுகளுக்கு வருவோம். நாடு முழுவதும் 2014-ல் 153ஏ பிரிவில் பதிவான வழக்குகள் 323. 2020-ல் 1,804. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இது. விசாரணை முடிந்த வழக்குகளில் தண்டனையில் முடிந்தவை 2020-ல் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். மற்றவர்களுக்கு? கைது, ஜாமீன், வாய்தா, வக்கீல் ஃபீஸ். தண்டனையை நீதிமன்றம் தருவதற்கு முன்பே எஃப்.ஐ.ஆர் தந்துவிடுகிறது.

குமரி மாவட்டத்தில் இதற்கு ஒரு தனி முகம் உண்டு. வளைகுடா நாடுகளை நம்பி வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். கோபத்தில் ஒரு வீடியோவை நான்கு குரூப்புக்கு ஃபார்வர்டு செய்த இளைஞன் மீது 153ஏ (இப்போது 196) விழுந்தால், பாஸ்போர்ட் விசாரணையில் அது நிற்கும். போலீஸ் சான்றிதழ் கிடைக்காது. விசா கையில் வந்த பிறகும் பயணம் நின்றுபோகும். மேடையில் பேசிய தலைவருக்கு முன்ஜாமீன் வாங்க வக்கீல் படை இருக்கிறது. ஃபார்வர்டு செய்த பையனுக்கு ஊர்க்காரர்கூட ஜாமீன் கையெழுத்துப் போட யோசிப்பார். வாட்ஸ்அப் குரூப் அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் மீது குற்றம் சாட்ட முடியாது என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது ஓர் ஆறுதல். அது எத்தனை காவல் நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது வேறு விஷயம்.

பெரிய மனிதர்கள் விவகாரத்தில் காலண்டரே வேறு. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவை எஸ்.வி.சேகர் 2018-ல் பகிர்ந்தார். ஒரு மாதச் சிறை என்ற தீர்ப்பு 2024 பிப்ரவரியில் வந்தது. பெரியார் சிலை குறித்தும் கனிமொழி குறித்தும் ஹெச்.ராஜா 2018-ல் பதிவிட்டவை தொடர்பான வழக்குகளில் தலா ஆறு மாதச் சிறை என்ற தீர்ப்பு 2024 டிசம்பரில் வந்தது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு மேல்முறையீட்டுக்கு வழி விடப்பட்டது. ஆறு ஆண்டுகள்! அதற்குள் எத்தனை தேர்தல், எத்தனை மேடை.

ஆளுங்கட்சிக்காரர் பேசினால் வழக்கே எளிதில் வராது. சைவ, வைணவச் சின்னங்களைப் பாலியல் தொழிலோடு இணைத்து 2025 ஏப்ரலில் அன்றைய அமைச்சர் க.பொன்முடி பேசிய பேச்சு வெளியே வந்ததும் கட்சி அவரைத் துணைப் பொதுச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கியது. ஆனால், போலீஸ் அசையவில்லை. இதையே வேறொருவர் பேசியிருந்தால் இந்நேரம் எத்தனை வழக்கு போட்டிருப்பீர்கள் என்று உயர் நீதிமன்றம் கேட்டு, தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாத இறுதியில் அவர் அமைச்சர் பதவியை விட்டார்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு முடிச்சு இருக்கிறது. 153ஏ, 295ஏ பிரிவுகளில் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க வேண்டுமானால் அரசின் முன் அனுமதி வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 217-ஆம் பிரிவாக அது தொடர்கிறது. வீண் வழக்குகளைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. நடைமுறையிலோ, எந்தப் பேச்சு வழக்காக வேண்டும், எது கோப்புக்குள் தூங்க வேண்டும் என்பதை ஆட்சியில் இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். மாநிலத்தில் ஒரு கட்சி, மத்தியில் வேறு கட்சி, பக்கத்து மாநிலத்தில் மூன்றாவது கட்சி. சொல் ஒன்றுதான், குற்றமா இல்லையா என்பது மட்டும் எல்லை தாண்டினால் மாறிவிடுகிறது.

கடல் கடந்து பார்த்தால்

சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டால் போதும் என்பவர்கள் இலங்கையைப் பார்க்க வேண்டும். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை ஒட்டி 2007-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன் மூன்றாம் பிரிவு வெறுப்புத் தூண்டலைத் தடுப்பது. 2014 ஜூனில் அளுத்கமையில் சிங்கள பௌத்தக் கடும்போக்கு அமைப்பான பொது பல சேனாவின் கூட்டத்தையடுத்து முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அப்போது வேலை செய்யாத அந்தச் சட்டம், 2019-ல் ஒரு சிறுகதைக்காக சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை நான்கு மாதத்துக்கு மேல் சிறையில் வைத்தது. மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜசீம் 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பு எழுதினார். அதில் தீவிரவாதம் இருக்கிறது என்று சொல்லி 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அவரைப் பிடித்தார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறை. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. சிறுபான்மையினரைக் காக்க வேண்டிய சட்டங்கள் இருக்கும் நாட்டில், உள்ளே போனவர் ஒரு சிறுபான்மைக் கவிஞர்.

ருவாண்டாவையும் மறக்கக் கூடாது. 1994-ல் ஒரு வானொலி நிலையம் மனிதர்களைக் கரப்பான்பூச்சிகள் என்று அழைத்து, கொல்லத் தூண்டியது. அதை நடத்தியவர்களை 2003-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டித்தது. வெறுப்புப் பேச்சுக்குச் சட்டமே தேவையில்லை என்று சொல்லும் யாருக்கும் இதுவே பதில்.

என்ன செய்யலாம்?

வெறுப்புப் பேச்சின் மீது புகாருக்குக் காத்திராமல் தாமாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2022 அக்டோபரில் மூன்று மாநிலங்களுக்கும், 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பேசுபவரின் மதம் பார்க்கக் கூடாது என்றும் சொன்னது. 2025 மார்ச் 28-ல் அதே நீதிமன்றம், காங்கிரஸ் எம்.பி. இம்ரான் பிரதாப்கடி ஒரு கவிதையைப் பகிர்ந்ததற்காக குஜராத் போலீஸ் போட்ட எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தது. பலவீனமான மனம் கொண்டவர்களின் பார்வையில் சொல்லை அளக்கக் கூடாது, உறுதியான மனம் கொண்ட நியாயமான மனிதரின் பார்வையில் அளக்க வேண்டும் என்றது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள இத்தகைய குற்றங்களில், வழக்குப் பதியும் முன் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை செய்ய புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(3) வழி தருகிறது. அதைப் பயன்படுத்துங்கள் என்றும் சொன்னது. இந்த இரண்டு உத்தரவுகளையும் சேர்த்துப் படித்தால் போலீஸுக்கு வழி தெளிவாகத்தான் இருக்கிறது: கும்பலை ஏவும் பேச்சுக்கு உடனே போ, மனம் புண்பட்டது என்ற புகாருக்கு முதலில் விசாரி.

கர்நாடகம் 2025 டிசம்பரில் வெறுப்புப் பேச்சு, வெறுப்புக் குற்றத் தடுப்பு மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியிருக்கிறது. ஓராண்டில் தொடங்கி ஏழு ஆண்டு வரை சிறை. தமிழகத்திலும் அப்படி ஒன்று வேண்டும் என்ற குரல்கள் கேட்கின்றன. என் கருத்து வேறு. மனவருத்தம் என்ற வார்த்தைக்கு விரிந்து கிடக்கும் ஒரு புதிய சட்டம், நாளை யார் ஆட்சிக்கு வந்தாலும் அவர்கள் கையில் இருக்கும் சாட்டை. இன்று அதைக் கேட்பவர்கள் முதுகிலேயே அது நாளை விழலாம்.

வேண்டியது இதுதான். 196-ஆம் பிரிவு, பிறப்பாலோ மதத்தாலோ ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்யத் தூண்டும் பேச்சோடு நிற்க வேண்டும். கடவுளையோ சடங்கையோ தலைவரையோ கேலி செய்வது கேவலமாக இருக்கலாம், அதற்குப் பதில் மேடையிலேயே கொடுக்கப்படட்டும், சிறை வேண்டாம். முன் அனுமதிக் கோப்பை அரசு எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று காலவரம்பு வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். தீர்ப்புக்கு ஆறு ஆண்டு காத்திருக்கும் நிலை கூடாது. அமைதிக் குழுக்கள் கலவரம் வந்த பிறகு கூடும் குழுக்களாக இல்லாமல், மாசிக் கொடைக்கு முன்பும் கோட்டார் சவேரியார் பேராலயத் திருவிழாவுக்கு முன்பும் கூட வேண்டும். அதில் மீனவப் பெண்களும் இளைஞர்களும் உட்கார வேண்டும். மறைமாவட்டங்களும் மடங்களும் ஜமாஅத்துகளும் கட்சிகளும் தங்கள் மேடையில் வெறுப்பைக் கக்கியவருக்கு அடுத்த முறை மைக் கொடுக்காமல் இருந்தாலே பாதி வழக்கு குறையும். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 2022 செப்டம்பரில் ராகுல் காந்தியின் பாரத் ஜோடோ நடைப்பயணம் குமரிக்கு வந்தபோது, அவரைச் சந்தித்த பாதிரியார்களில் ஜார்ஜ் பொன்னையாவும் இருந்தார். வெறுப்புக்கு எதிரான பயணத்தில் அவருக்கு நாற்காலி போட்டவர்கள் யோசித்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பிலும் இப்படி நாற்காலி போட்ட கட்சிகளுக்கும் இதே பதில்தான்.

புதிய சட்டம் கேட்பவர்களுக்கும், இருக்கும் சட்டத்தை அடியோடு எடுக்கச் சொல்பவர்களுக்கும் குமரி மாவட்டத்திலிருந்து ஒரே கோரிக்கை: கையில் இருக்கும் சட்டத்தைக் கட்சி பார்க்காமல், மதம் பார்க்காமல், அங்கி, காவி, துண்டு எதையும் பார்க்காமல் ஓர் ஐந்து ஆண்டு நடத்திக் காட்டுங்கள். அதன் பிறகு புதிய சட்டம் தேவையா என்று பேசலாம்.